வராதவர்களின் கணக்கு

அன்புள்ள தங்கச்சி,

காதில் குரல் கேட்கத் தொடங்கிய பிள்ளைகளை நேரத்தோடு பிடித்து வைத்தியம் செய்யும் சேவையை மதிப்பிடும் பொறுப்பு உனக்கு வந்திருக்கிறது என்று தன்னாமுனைக்குச் செய்தி வந்தது. மனம் நிறைந்த சந்தோசம். இப்போது நீ கிளினிக் கொப்பிகளை அடுக்கி, வந்தவர்கள் எத்தனை, சுகப்பட்டவர்கள் எத்தனை என்று எண்ணிக்கொண்டிருப்பாய். அதைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு வராதவர்களை எண்ணு.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. சென்னை ஸ்கார்ஃப் மனநல நிறுவனம் பங்குகொண்ட இன்ட்ரெபிட் ஆய்வு, காஞ்சிபுரம் பக்கத்தில் 18 முதல் 64 வயதுக்காரரில் ஆண்டுக்கு இலட்சத்துக்கு ஏறக்குறைய 20 பேருக்குப் புதிதாகச் சைக்கோசிஸ் என்னும் இந்த நோய் தொடங்குவதைக் கண்டது. 2012 கணக்கெடுப்பில் நம் மட்டக்களப்பு மாவட்டத்தின் சனத்தொகை 5 இலட்சத்து 26 ஆயிரம். அதில் அந்த வயதுக்காரர் 3 இலட்சம் என்று வைத்துக்கொள். ஆண்டுக்கு 60 பேர் வரவேண்டும். இந்த வீதம் இடத்துக்கு இடம் கூடும், குறையும். ஆனாலும் உன் பதிவேட்டில் 20 பேர்தான் என்றால், மிச்சப்பேர் எங்கே? வந்த 20 பேரும் சுகமாகிவிட்டாலும்கூட, சேவை நன்றாக நடக்கிறது என்று எழுத முடியாது.

அந்த ஆய்வுக்காரர் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கவில்லை. மந்திரிக்கிறவர்களிடமும் கோயில்களிலும் ஊர் விசயம் அறிந்தவர்களிடமும் போய்க் கேட்டார்கள். நமக்கும் அதுதான் பாதை. ஆயித்தியமலை மாதாவுக்கு நேர்த்தி வைத்து, நூல் கட்டி, செய்வினை எடுத்து, அதன் பிறகே பலர் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். அப்படிப் பிந்திக் கூட்டிவரும் தாயைக் குற்றவாளி போல விசாரிக்காதே. நோய் தொடங்கிய திகதி கேட்டால் அவளுக்கு நினைவு வராது. ஓ.எல். சோதனைக்கு முந்தியா பிந்தியா, எந்த வெள்ளத்துக்குப் பிறகு, எந்தத் திருநாளுக்கு முன் என்று கேள். (சடங்கில் உரு வந்து ஆடியதை மட்டும் நோயின் தொடக்கமாக எழுதிவிடாதே. சடங்கு முடிந்ததும் அவர் வழமைக்குத் திரும்பினாரா என்று பார்.)

நோய் தொடங்கிய நாளுக்கும் முதல் மருந்துக்கும் இடைப்பட்ட காலத்தை ஒரே எண்ணாக எழுதாதே. குடும்பம் சுகாதாரத் துறையின் எந்தக் கதவையாவது முதலில் தட்டிய நாளை நடுவில் குறித்துவை. அதற்கு முந்திய தாமதத்துக்கு ஊரின் அச்சமும் அறியாமையும் காரணமாக இருக்கலாம். பிந்திய தாமதம் முழுக்க நம்முடையது. ஒரு காலத்தில் இந்த நோய் என்றால் அங்கொடை மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதுதான் வழி. சுனாமிக்குப் பிறகு, 2005இன் மனநலக் கொள்கையோடு, மாவட்டங்களுக்கு வைத்தியர்களும் பிரிவுகளும் வந்தன. கதவு பக்கத்தில் வந்துவிட்டது. தட்டியபின் எத்தனை கிழமை கழித்துத் திறந்தோம் என்பதை நீதான் சொல்லவேண்டும்.

பலனை அளக்கும்போது அவசரப்படாதே. டென்மார்க்கின் ஓபஸ் ஆய்வில் 547 பேர். இரண்டு ஆண்டு தீவிர கவனிப்பு நல்ல பலன் தந்தது; ஐந்தாம் ஆண்டில் நோய்க்குறிகளில் அந்த வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிட்டது. எனவே சேவை முடிந்தபின் என்ன நடந்தது என்பதற்கும் ஒரு நிரல் கீறு.

இன்னொரு நிரல் குடும்பத்துக்கு. சென்னையிலும் மொன்றியலிலும் ஒரே மாதிரியான கவனிப்பைக் கொடுத்து ஒப்பிட்டபோது, ஒதுங்கிக் கிடத்தல், பேச்சும் ஆர்வமும் வற்றிப்போதல் போன்ற குறிகள் சென்னையில் கூடுதலாகக் குறைந்தன. குடும்பங்களும் அங்கேதான் சேவையோடு நெருங்கி நின்றன. தமிழ்க் குடும்பம் என்றால் தானாகத் தாங்கும் என்று இதைப் படித்துவிடாதே. இங்கே எத்தனையோ வீடுகளில் தாய் மத்திய கிழக்கில். பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுவருவது அம்மம்மா. ஒவ்வொரு முறையும் கூட வந்தவர் யார் என்று எழுது. அந்த ஆள் மாறும்போது, அல்லது வராமல் போகும்போது, மருந்தும் நின்றுபோகும்.

பிள்ளையிடமும் கேள். குரல் நின்றதா என்பதோடு விடாதே. திரும்பத் தோணி ஏறினானா, வகுப்புக்குப் போனாளா, மருந்தால் உடம்பு பெருத்ததா, அதனால்தான் மருந்தை விட்டார்களா?

இடையில் விட்டுப்போனவர்களின் வீடுகளுக்கு நீயே போ. சுகாதாரத் திணைக்கள வாகனத்தில் போகாதே. அது வாசலில் நின்றால் ஊர் கதைக்கும், அந்த வீட்டுக் குமருக்குக் கலியாணப் பேச்சும் குழம்பும். குடும்ப நல உத்தியோகத்தரோடு சைக்கிளில் போ. வாவியில் இராவெல்லாம் வலை போடுகிறவர்கள் பகலில் நித்திரை கொள்வார்கள். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு போ.

அன்புடன்,
அக்கா