சுயதொழில் தொடங்கினால் உதவிப்பணம் நின்றுவிடுமா?

மீள்குடியேறிய குடும்பங்கள் எம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இந்தப் பயத்தாலேயே தையல் இயந்திரத்தை மூலையில் மூடி வைத்திருப்போர் உண்டு.

மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கானது. தொழில் செய்வது குற்றமல்ல. பார்க்கப்படுவது குடும்ப வருமானம். வருமானம் வேறு, விற்பனை வேறு. பெட்டிக்கடையில் ஒரு நாளில் 1,500 ரூபாவுக்கு விற்றால், சாமானுக்குக் கொடுத்த 1,300 ரூபாவையும் பஸ் காசு 50 ரூபாவையும் கழித்து மிஞ்சும் 150 ரூபாவே உங்கள் வருமானம். "நாளுக்கு 1,500 வருகுது" என்று சொல்லிவிட்டால் அதுவே பதிவாகிவிடலாம். ஆகவே ஒரு கொப்பியில் வரவு, செலவு, கடன் மூன்றையும் அன்றன்றே எழுதுங்கள். தொடங்குமுன் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் கொப்பியோடு போய்ப் பேசுங்கள். மறைத்தால் பின்னர் சிக்கல். வருமானம் உண்மையாகவே உயர்ந்தால் கொடுப்பனவு மீளாய்வுக்கு வரலாம். அதையும் அவரிடமே கேட்டறியுங்கள்.

வீட்டுக்காசு வேறு கதை. 2012 இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தின் 550,000 ரூபா, முடிந்த வேலையைப் பார்த்தே கட்டங்கட்டமாக வங்கிக் கணக்குக்கு வந்தது. அத்திவாரக் காசில் கோழிக்கூடு போட்டால் அத்திவாரமும் எழும்பாது, அடுத்த கட்டக் காசும் வராது. கோழி முட்டையிடும்வரை கடை முதலாளி சீமெந்துக் கடனுக்குப் பொறுக்கவும் மாட்டார். (வீட்டைப் பெரிதாகக் கட்ட நகையை அடகு வைப்பவர்களும் இதே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள்.)

சுவர் எழும்பும் மாதங்களில் பத்துக் கோழி போதும். மாதக் கொடுப்பனவையும் முதலாகப் போடாதீர்கள். அது மருந்துக்கும் அரிசிக்கும். தொழிலுக்கான முதலுக்கு உங்கள் ஊர் மாதர் சங்கத்திலோ கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ சுழற்சிக் கடன் உண்டா என்று முதலில் விசாரியுங்கள்.