பாடம் நின்ற இடம்

துறையூரிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்வோர் அனைவரும் திருவெள்ளறைக் குன்றைக் கண்டிருப்பர். வெண்ணிறப் பாறையின்மேல் மதில் சூழ உயர்ந்து நிற்கும் அத்திருக்கோயிலில் புண்டரீகாக்ஷப் பெருமாளும் பங்கயச்செல்வி நாச்சியாரும் ஸேவை ஸாதிக்கின்றனர். பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாஸனம் செய்தருளிய திவ்யதேசம் அது. நாதமுனிகளின் திருவடிகளை ஆச்ரயித்த உய்யக்கொண்டார் அவதரித்ததும் அங்கேதான். பெருமாள்மலையின் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளை ஏறி வேங்கடாசலபதியை ஸேவித்துவிட்டுத் தெற்கே திருவரங்கம் செல்லும் அன்பர்களில் சிலர், இடையே இறங்கி வெள்ளறையையும் தொழுவதுண்டு. பலர் பேருந்திலிருந்தே கைகூப்பிவிடுகின்றனர். அவ்வூரில் தொடங்கிய ஒரு பாடத்தின் வரலாறே இக்கட்டுரைக்குப் பொருள். அப்பாடம் பேரச்சம் சூழ்ந்த ஒரு நாளில் அறுந்துபோயிருக்க வேண்டியது. அறாமல் நின்றது எவ்வாறு என்று காண்போம்.

எம்பெருமானார் காலத்தில் திருவெள்ளறையில் விஷ்ணுசித்தர் என்றொரு மஹான் எழுந்தருளியிருந்தார். ஸ்ரீவிஷ்ணுபுராணத்துக்கு உரை இயற்றியவர். ‘எங்களாழ்வான்’ என்று எம்பெருமானாரே உகந்து அழைத்தமையால் அப்பெயரே நிலைத்தது. அவரிடம் ஸ்ரீபாஷ்யம் கேட்கும் விருப்பத்தோடு காஞ்சியிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். கதவைத் தட்டினார். உள்ளிருந்து, ‘யார்?’ என்ற குரல் வந்தது. ‘நான்’ என்றார் இளைஞர். ‘நான் செத்த பின் வாரும்’ என்ற விடை கேட்டது, கதவு திறக்கவில்லை.

நெடுந்தொலைவு நடந்து வந்தவருக்கு இச்சொல் எப்படி இருந்திருக்கும்! வேறொருவராயின் சினந்திருப்பார், அல்லது அஞ்சித் திரும்பியிருப்பார். இவரும் திரும்பினார்தாம், ஆனால் அச்சொல்லின் பொருள் யாது என்று அறியும் வேட்கையோடு திரும்பினார். பெரியோரைக் கேட்டார். ‘நான்’ என்னும் சொல் ஒழிந்து ‘அடியேன்’ என்னும் சொல் வரவேண்டும் என்பதே கருத்து என்று தெளிந்து மீண்டும் வந்தார். ‘அடியேன் வரதன்’ என்றார், கதவு திறந்தது. இவரே நடாதூர் அம்மாள் என்று நம் ஸம்ப்ரதாயம் போற்றும் ஆசார்யர். அடக்கத்துக்கு உதாரணமாக இவ்வரலாற்றைக் கூறுவது வழக்கம். அது பொருந்தும். ஆயினும் மூடிய கதவின்முன் நின்றவர், அடைபட்ட வழியைக் கண்டு கலங்காது, ‘இதன் பொருள் என்ன?’ என்று வினவினாரே, அதனையும் சேர்த்து எண்ணவேண்டும் என்பது நம் கருத்து. வினவத் தெரிந்தவனுக்குத் தடையும் ஒரு பாடமே.

அம்மாள் பின்னர்க் காஞ்சியில் தேவப்பெருமாள் ஸந்நிதியில் ஸ்ரீபாஷ்ய காலக்ஷேபம் ஸாதித்து வந்தார். சீடர் குழாத்தில் ஸுதர்சனர் என்றொருவர் இருந்தார். கூரத்தாழ்வான் திருவம்சத்தவர் என்பர். அவர் வரும்வரை அம்மாள் பாடத்தைத் தொடங்காமல் காத்திருப்பார். இது பக்ஷபாதம் என்று மற்றவர் மனத்துக்குப் பட்டது. ஒருநாள் அம்மாள் முந்தைய பாடத்தைத் திருப்பிச் சொல்லுமாறு அனைவரையும் கேட்டார். ஸுதர்சனர் ஒருவரே கேட்டவற்றைக் கேட்டவாறே முழுவதும் ஒப்பித்தார். அவ்வாறு கேட்டவற்றைப் பிற்காலத்தில் ஏட்டில் எழுதினார். அதுவே ஸ்ரீபாஷ்யத்துக்கு வாய்த்த ‘ச்ருதப்ரகாசிகை’ என்னும் பேருரை. ச்ருதம் என்றால் கேட்கப்பட்டது; கேட்டதை விளங்கச் செய்வது என்பதே நூற்பெயரின் பொருள். தாம் புதிதாகச் சொன்னதாக ஓர் எழுத்தும் இல்லை என்று பெயரிலேயே பொறித்துவிட்டார் அந்த மஹான்.

அதே காலக்ஷேபத்துக்கு ஒருநாள் கிடாம்பி அப்புள்ளார் தம் மருமகனான ஐந்து வயதுப் பாலகனை அழைத்து வந்தார். தூப்புல் என்னும் இடத்தில் பிறந்த வேங்கடநாதன் என்னும் பிள்ளை. பிள்ளையின் தேஜஸ்ஸைக் கண்டு அம்மாள் பாடத்தை நிறுத்திப் பேசத் தொடங்கினார். பேச்சு முடிந்து பாடத்துக்குத் திரும்பியபோது எந்த இடத்தில் நிறுத்தினோம் என்பது ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை. பிள்ளை அந்த இடத்தை எடுத்துச் சொன்னான். வியப்புற்ற அம்மாள் அவனை மடியில் வைத்து ஆசீர்வதித்தார் என்று குருபரம்பரை கூறுகிறது. பின்னாளில் வேதாந்த தேசிகன் என்று உலகம் போற்றியது இப்பிள்ளையைத்தான். பாடம் நின்ற இடத்தைச் சொன்ன இச்செய்தியை அன்பர்கள் மனத்திற்கொள்ளவேண்டும். மேலே வரப்போவதற்கு இதுவே திறவுகோல்.

இனி 1323ஆம் ஆண்டு. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1311இல், மாலிக் காபூரின் படை தமிழகத்தில் புகுந்து சென்றிருந்தது. இப்போது தில்லியிலிருந்து உலுக் கான் தலைமையில் பெரும்படை வந்தது. இவரே பின்னாளில் முகம்மது பின் துக்ளக் என்ற பெயரில் அரியணை ஏறியவர். படை அணுகுகிறது என்ற செய்தி எட்டியபோது அழகிய மணவாளப் பெருமாள் கொள்ளிடக்கரையில் பன்றியாழ்வார் ஸந்நிதியில் உத்ஸவத்துக்காக எழுந்தருளியிருந்தார் என்று கோயிலொழுகு குறிக்கிறது. உத்ஸவக் கூட்டத்தின் நடுவே அச்சம் புகுந்தால் என்ன ஆகும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. மூலவர் திருமுன்பே கற்சுவர் எழுப்பி மறைத்தனர். உத்ஸவரைச் சிலர் தெற்கு நோக்கி எழுந்தருளப் பண்ணிக்கொண்டு சென்றனர். மற்றவர் அரங்கத்திலேயே நின்றனர். நின்றவருள் பெரும்பாலார் மாண்டனர். பன்னீராயிரவர் என்று மரபு அவ்வெண்ணிக்கையைச் சொல்லிவருகிறது.

மாண்டவருள் ஸுதர்சனரும் ஒருவர். முதுமையின் எல்லையில் இருந்த அவர், தம் இளம் மைந்தர் இருவரையும் ச்ருதப்ரகாசிகை ஓலைச்சுவடியையும் தேசிகனிடம் ஒப்படைத்தார். கொள்ளிட மணலில் கிடந்த பிணக்குவியலின் நடுவே, இறந்தவரோடு இறந்தவராகத் தேசிகன் அப்பிள்ளைகளையும் சுவடியையும் அணைத்தபடி கிடந்து, படை கடந்த பின் எழுந்து மேற்கு நோக்கி நடந்தார் என்பது வரலாறு.

இங்குச் சற்றே நிற்போம். தேசிகனுக்கு அப்போது வயது ஐம்பத்தைந்து அளவில் இருக்கும். ‘கவிதார்க்கிக ஸிம்ஹம்’ என்று விருது பெற்றவர். சிங்கம் பிணங்களுக்கிடையே மூச்சடக்கிக் கிடந்தது! இதனைத் துணிவு என்பதா, அச்சம் என்பதா? வாளெடுத்து எதிர்த்து மடிவதே வீரம் என்று எண்ணிப் பழகிய நமக்கு இவ்வினா எழுவது இயல்பு. அவர் மடியில் இருந்தது யாது என்று பார்த்தால் விடை கிடைக்கும். ஐந்து வயதில் பாடம் நின்ற இடத்தைச் சொன்ன பிள்ளைக்கு, ஐம்பத்தைந்து வயதில் அப்பாடமே ஓலை வடிவில் கைக்கு வந்திருக்கிறது. தாம் இறந்தால் பாடம் அங்கேயே நின்றுவிடும். மீண்டும் எந்த இடத்தில் தொடங்குவது என்று சொல்ல ஒருவரும் இரார். வெள்ளறையில் எங்களாழ்வானிடம் கேட்டதை அம்மாள் சொல்ல, அம்மாள் சொன்னதை ஸுதர்சனர் எழுத, எழுதியது மணலில் மட்கிப்போவதா? இந்நினைவு உள்ளே இருந்தவருக்கு அச்சம் இல்லாமற் போயிற்று என்று கூறமாட்டோம். அச்சத்தைவிடப் பெரியதொன்று உள்ளத்தில் இடம் கொண்டிருந்தது என்று கூறலாம்.

அவர் அஞ்சவில்லை என்று நாம் கூறத் துணியாமைக்குச் சான்று அவரே அளித்திருக்கிறார். மேற்கே நடந்தவர் கொள்ளேகாலத்துக்கு அருகில் உள்ள ஸத்யாகாலம் என்னும் சிற்றூரை அடைந்தார். அங்கே திருவரங்கனைக் குறித்து இயற்றிய ஸ்தோத்திரம் ‘அபீதிஸ்தவம்’. பீதி அச்சம், அபீதி அச்சமின்மை. அச்சமில்லாதவர் அச்சமின்மையை வேண்டி இருபத்தொன்பது ச்லோகங்கள் பாடுவரோ? அச்சத்தைப் பெருமாள் திருமுன்பே எடுத்து வைத்து, இதனை நீக்கியருள்க என்று வேண்டுகிறார். அவ்வேண்டுதலும் தமக்காக மட்டும் அமையவில்லை. திருவரங்கத்தில் அடியார்கள் பயமின்றி வாழும் நாள் மீள வேண்டும் என்பதில் சென்று முடிகிறது. ஸத்யாகாலம் காவிரிக் கரையில் உள்ளது. அவ்வூரைத் தொட்டுச் செல்லும் நீரே பல நாள் ஓடி அரங்கத்தை வலம் வருகிறது. அக்கரையில் அமர்ந்து தினமும் அந்நீரைப் பார்த்திருந்தவர் இதனை எண்ணாமல் இருந்திருப்பாரா!

அச்சமும் வியப்பும் ஒரே நெஞ்சில் தங்குமா என்று ஐயுறுவார்க்குக் கீதையின் பதினொன்றாம் அத்தியாயம் உண்டு. விச்வரூபத்தைக் கண்ட அர்ஜுனனுக்கு முதலில் உண்டாவது வியப்பு, மயிர்க்கூச்செறிந்து கைகூப்புகிறான். பின்னரே நடுங்குகிறான். நடுங்கியபடியே, காணாததைக் கண்டதனால் மகிழ்ந்தேன் என்றும், அச்சத்தால் மனம் கலங்குகிறது என்றும் ஒரே மூச்சில் கூறுகிறான். ஒன்று போனபின் மற்றொன்று வரும் என்பதில்லை. அர்ஜுனன் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் நமக்கு அவ்வத்தியாயமே கிடைத்திராது.

தெற்கே சென்றவர்கள் செய்தி என்ன? பெருமாளோடு நடந்தவர்களுக்குத் தலைவர் பிள்ளை லோகாசார்யர். முமுக்ஷுப்படி, ஸ்ரீவசநபூஷணம் முதலான பதினெட்டு ரஹஸ்ய க்ரந்தங்களை அருளியவர். தளர்ந்த பருவத்தில் காட்டுவழியே நடந்தார். இடைவழியில் கள்வர் எதிர்ப்பட்டுத் திருவாபரணங்களைக் கவர்ந்தனர். தம்மிடம் இருந்தவற்றையும் அவரே எடுத்துக் கொடுத்துவிட்டார் என்பர். காக்க வேண்டிய பொருள் இன்னது, விட வேண்டிய பொருள் இன்னது என்ற தெளிவு அது. மதுரைக்கு அருகில் ஆனைமலை அடிவாரத்தில் ஜ்யோதிஷ்குடி என்னும் ஊரில், இன்று கொடிக்குளம் எனப்படும் இடத்தில், அவர் திருநாடு அலங்கரித்தார். அந்நிலையிலும் அவர் திருவுள்ளம் பாடத்திலேயே இருந்தது. மதுரையில் அரசியற் பணியில் ஈடுபட்டிருந்த திருமலையாழ்வாரை மீட்டுத் திருவாய்மொழிப் பொருளில் ஈடுபடுத்துமாறு சீடர்களுக்கு நியமித்தார். திருவாய்மொழிப்பிள்ளை என்று பெயர் பெற்ற அவரிடம் பயின்றவரே 1370இல் ஆழ்வார்திருநகரியில் அவதரித்த மணவாளமாமுனிகள்.

பெருமாள் அங்கிருந்து அழகர்கோயில், மலைநாடு, மைசூர்ப் பகுதியில் தெற்கணாம்பி என்று இடம் மாறி மாறிச் சென்று திருமலையை அடைந்தார். திருமலைப் பகுதியில் ஆழ்ந்ததொரு பள்ளத்தாக்கில் கயிறு கட்டி இறங்கி, காயும் கிழங்கும் உண்டு பெருமாளைக் காத்த மூவரைப் பற்றிக் கோயிலொழுகு கூறுவது நெஞ்சை உருக்கும். இருவர் அங்கேயே முடிந்தனர். எஞ்சியவர் முதுமை எய்தும்வரை தனியே காத்திருந்தார். எட்டிப் பார்த்தால் தலைசுற்றும் பள்ளம். கீழே துணைக்கு ஒருவரும் இல்லை. எத்தனை ஆண்டு என்ற கணக்கும் இல்லை. திருமலையில் பெருமாள் தங்கிய மண்டபம் இன்றும் ரங்கநாயகர் மண்டபம் என்றே வழங்குகிறது.

விஜயநகரத்துக் குமாரகம்பணர் தெற்கே படை நடத்தி வென்ற பின், செஞ்சியில் அதிகாரியாக இருந்த கோபணார்யர் திருமலையிலிருந்து பெருமாளைச் செஞ்சிக்கு அருகில் சிங்கவரத்துக்கு எழுந்தருளப் பண்ணி, அங்கிருந்து 1371இல் திருவரங்கத்தில் மீண்டும் ப்ரதிஷ்டை செய்வித்தார். சகம் 1293 என்ற ஆண்டைக் குறித்து வடமொழிச் ச்லோகங்கள் இரண்டு கோயிற்சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றைத் தேசிகனே அருளினார் என்பது மரபு. அவர் 1369இலேயே திருநாடு எழுந்தருளியதாகக் கணக்கிடுவோர் இதனை ஏற்பதில்லை. எவ்வாறாயினும், ஸத்யாகாலத்தில் வேண்டியது நாற்பத்தெட்டாம் ஆண்டில் கைகூடியது.

ஆனால் மீண்டு வந்தபோது ஒரு புதிய சிக்கல் எழுந்தது. இடைக்காலத்தில் அரங்கத்தில் வேறொரு திருமேனியை எழுந்தருளப் பண்ணி ஆராதித்து வந்திருந்தனர். முன்பிருந்த பெருமாள் இவர்தாமா என்று உறுதி கூறுவார் இல்லை; கண்டவர் எல்லாம் மறைந்துவிட்டனர். அரை நூற்றாண்டு கண்ணீர் வடித்த ஊர், வந்தவரை அடையாளம் காணாமல் திகைத்து நின்றது! ‘பாடம் எங்கே நின்றது?’ என்று கேட்டால் விடை சொல்ல ஆளில்லாத அதே நிலை.

அப்போது முதியவர் ஒருவர் நினைவுக்கு வந்தார். பெருமாளின் திருப்பரிவட்டங்களை வெளுத்துத் தரும் ஈரங்கொல்லி. கண்பார்வை போய்விட்டது. பெருமாளைக் கண்ணால் கண்டு சொல்ல இயலாது. ஆயினும் தம் இளமையில், திருமஞ்சனமான ஈரவாடையைப் பிழிந்து அத்தீர்த்தத்தைப் பருகுவது அவர் வழக்கம். இரு திருமேனிகளுக்கும் திருமஞ்சனம் செய்யுங்கள், ஈரவாடைகளைத் தாருங்கள் என்றார். அவ்வாறே செய்தனர். ஒன்றன் தீர்த்தத்தைச் சுவைத்தார். மற்றொன்றன் தீர்த்தத்தையும் சுவைத்தார். உடனே மெய் சிலிர்த்து, ‘இவரே நம்பெருமாள்!’ என்று கூவினார்.

அரங்கத்து உத்ஸவருக்கு அழகிய மணவாளன் என்பது பழைய திருநாமம். வேதம் வல்லாரும் பாஷ்யம் வல்லாரும் நிறைந்த அவையில், கண்ணில்லாத ஒரு வண்ணார் நாவில் பிறந்த ‘நம்பெருமாள்’ என்பதே அன்றுமுதல் வழங்கும் திருநாமம். இடைக்காலத்தில் ஊரைக் காத்த மற்றொரு திருமேனியையும் பெரியோர் கைவிடவில்லை. திருவரங்கமாளிகையார் என்னும் திருநாமத்தோடு அவரும் நம்பெருமாள் அருகிலேயே எழுந்தருளியிருக்கிறார். ஸேவிக்கச் செல்லும் அன்பர்கள் இருவரையும் கேட்டுத் தெரிந்து ஸேவித்து வருக.