தேடியதைத் தொகுப்போம்

பாடத் தயாரிப்புக்காக இணையத்தில் தேடாத ஆசிரியர் இன்று அரிது. கிடைத்ததை எங்கே வைக்கிறோம் என்பதுதான் கேள்வி. சிலர் புக்மார்க் செய்கிறோம், சிலர் ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறோம், சிலர் வாட்ஸ்அப்பில் போட்டு வைக்கிறோம். அடுத்த ஆண்டு அதே பாடம் வரும்போது மீண்டும் முதலிலிருந்து தேடுகிறோம்.

கீழடி பற்றித் தகவல் திரட்டி வருமாறு ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் கூறியிருந்தேன். ஒரு குழு கி.மு. 3 ஆம் நூற்றாண்டு என்றது. மற்றொரு குழு கி.மு. 6 ஆம் நூற்றாண்டு என்றது. “எது சரி?” என்று கேட்டார்கள். தமிழ்நாடு தொல்லியல் துறையின் அறிக்கை 2019 இல் வெளியானது. அதன்படி கீழடியின் காலம் கி.மு. 6 ஆம் நூற்றாண்டு வரை பின்செல்கிறது. ஆகவே, ஒரு பக்கம் அதற்கு முன் எழுதப்பட்டதா, பின் எழுதப்பட்டதா என்று பார்க்க வேண்டும். தகவலை மட்டும் குறித்து வந்தவர்களால் அதைச் சொல்ல முடியவில்லை. யார், எப்போது எழுதியது என்பதையும் சேர்த்து வைத்தால்தான் தகவல் அறிவாகிறது.

இதற்கு நான் பயன்படுத்துவது ஜோட்டெரோ என்னும் கட்டற்ற மென்பொருள். அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2006 இல் வெளிவந்தது. இலவசமாகக் கிடைக்கிறது. கணினியில் நிறுவி, உலாவியில் அதன் இணைப்பானைச் சேர்த்துவிட்டால் போதும். படிக்கும் பக்கத்தில் ஒரு சொடுக்கில் தலைப்பு, ஆசிரியர், தேதி, முகவரி ஆகியவற்றில் கிடைப்பவை பதிவாகும். பக்கத்தின் நகலும் சேமிக்கப்படுவதால் இணையம் இல்லாத வகுப்பறையிலும் திறக்கலாம். காணொலிக்கு மட்டும் விவரங்களே பதிவாகும்.

நான் பின்பற்றும் முறை:

1. வகுப்பு, பாடம், அலகு என்ற வரிசையில் கோப்புறைகள்.

2. செயல்பாடு, படம், வினா எனச் சில குறிச்சொற்கள். பத்துக்கு மேல் வேண்டாம்.

3. ஒவ்வொரு பதிவிலும் என் சொற்களில் இரண்டு வரிக் குறிப்பு: இது எதற்கு, வகுப்பில் எந்த இடத்தில் பயன்படும்?

4. ஆசிரியர் பெயரோ தேதியோ பதிவாகாவிட்டால் பக்கத்தில் தேடிச் சேர்த்தல்.

5. பருவ இறுதியில் பயன்படாதவற்றை நீக்குதல்.

இவற்றுள் மூன்றாவதே முதன்மையானது. சேமிப்பதை மென்பொருள் செய்யும். புரிந்துகொள்வதை நாம்தான் செய்ய வேண்டும்.

எந்தக் கருவியும் நிலையானதன்று. பலரும் பயன்படுத்திய மொசில்லாவின் பாக்கெட் சேவை 2025 ஜூலை 8 அன்று நிறுத்தப்பட்டது. சேமித்தவற்றைப் பதிவிறக்கிக்கொள்ள அவகாசம் தரப்பட்டது. எனவே, நம் கணினியில் நகல் இருக்கிறதா, வேறு கருவிக்கு மாற்ற வழி உண்டா என்று பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

மாணவர்களுக்கு மென்பொருள் தேவையில்லை. குறிப்பேட்டில் நான்கு கட்டங்கள் போதும்: எங்கே படித்தேன், யார் எழுதியது, எப்போது எழுதியது, நான் புரிந்துகொண்டது என்ன. தொடக்க வகுப்பில் முதல் கட்டமும் கடைசிக் கட்டமும் போதும்.

அடுத்த வாரம் நடத்தவிருக்கும் ஒரு பாடத்தில் தொடங்கிப் பாருங்கள். மூன்று பக்கங்கள், மூன்று குறிப்புகள் போதும்.