மணவாளன் தாமதித்தால்

திடப்படுத்தல் முடிந்து முதல் நற்கருணை எடுத்திருக்கும் பிள்ளைகளே, போன ஞாயிறு உங்களில் ஒருவன், "தாத்தா, ஆண்டவருடைய வருகை எப்போது?" என்று கேட்டான். கோவில் வாசலில் நின்றபடி பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

1. நாள் குறிப்பவர் பின்னால் போகாதீர்கள். எப்போது என்பது பிதாவுக்கு மட்டுமே தெரியும் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார் (மத்தேயு 24:36). ஆனாலும் அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் தானியேல் புத்தகத்தை வைத்துக் கணக்குப் போட்டு, 1844 அக்டோபர் 22 என்றார்கள். விளைச்சலை எடுக்காமல் நிலத்திலேயே விட்டுவிட்டுக் காத்திருந்தவர்கள் உண்டு. மறுநாளும் பொழுது விடிந்தது. அவர்கள் கதறி அழுதார்கள். ஹரோல்டு கேம்பிங் என்பவர் 2011 மே 21 என்று வானொலியில் சொன்னார். தான் செய்தது பாவம் என்று அடுத்த ஆண்டு அவரே எழுதினார். நம்பி ஏமாந்தவர்களை நான் பழிக்க மாட்டேன். ஆண்டவரைப் பார்க்க வேண்டும் என்ற தவிப்பு அவர்களுக்கு இருந்தது. நமக்கு அது குறைந்துகொண்டே போகிறதே என்றுதான் என் பயம்.

2. மத்தேயு 25ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். மணவாளனுக்காகக் காத்திருந்த பத்துக் கன்னிகைகளும் தூங்கிவிட்டார்கள், புத்தியுள்ள ஐந்து பேரும்கூட. இது எனக்கு உறைக்கவே பல வருஷம் ஆயிற்று. பத்துப் பேர் கையிலும் தீவட்டி இருந்தது. மணவாளன் சீக்கிரம் வந்திருந்தால் பத்துப் பேருமே உள்ளே போயிருப்பார்கள். அவர் வரத் தாமதமானபோதுதான் யாரிடம் எண்ணெய் இருக்கிறது என்று தெரிந்தது. ஆகவே, இன்றைக்கே வந்தாலும் சரி, உங்கள் தலை நரைத்த பிறகு வந்தாலும் சரி என்று ஆயத்தப்படுங்கள். கன்வென்ஷன் கூட்டத்தில் மூன்று நாள் அழுவது சுலபம். புதன்கிழமை காலையில் யாரும் எழுப்பாமல் எழுந்து ஜெபிக்கிறீர்களே, அதுதான் எண்ணெய். கடைசி நேரத்தில் அதை அம்மாவிடம் கடன் கேட்க முடியாது.

3. வேலையை விடாதீர்கள். தெசலோனிக்கே சபையில் சிலர் வேலைவெட்டியில்லாமல் திரிந்தார்கள். உழைத்துச் சாப்பிடச் சொல்லிப் பவுல் எழுத வேண்டியிருந்தது. 1780 மே 19 அன்று அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் பட்டப்பகலில் இருட்டிவிட்டது. காட்டுத் தீயின் புகைதான் காரணம். அன்றைக்கு அது பலருக்குத் தெரியாது. நியாயத்தீர்ப்பு நாள் வந்துவிட்டது என்று ஜனங்கள் நடுங்கினார்கள். கனெக்டிகட் ஆலோசனை மன்றத்தைக் கலைத்துவிடலாம் என்று பேச்சு வந்தபோது, ஆபிரகாம் டேவன்போர்ட் என்ற உறுப்பினர் சம்மதிக்கவில்லை. அந்த நாள் வராவிட்டால் கலைய வேண்டியதில்லை, வந்துவிட்டதானால் ஆண்டவர் வரும்போது தான் கடமையில் இருக்க வேண்டும், மெழுகுவர்த்தி கொண்டுவாருங்கள் என்றாராம். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, அந்த மெழுகுவர்த்தியை நினைத்துக்கொள்.

4. கடன் வைக்காதீர்கள். ஞாயிறு ஆராதனைக்குப் போகுமுன் அண்ணாச்சி கடைப் பாக்கியை என் அம்மா தீர்த்துவிடுவாள். "ஆண்டவர் வரும்போது நோட்டுல நம்ம பேர் நிக்கக்கூடாதுல்லா" என்பாள். ரோமர் 13இல் கடன்படாதிருக்கச் சொன்ன கையோடுதான் இரவு முடியப்போகிறது என்றும் பவுல் எழுதுகிறார். அம்மாவுக்கு அந்த வசனம் தெரியுமோ என்னவோ. பேசாமல் விட்ட அண்ணன் தம்பியும் கடன்தான். முதலில் அங்கே போங்கள்.

5. அழிவு வரும்போது அடையாளம் தேடாமல் ஆளைத் தேடுங்கள். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சுனாமி வந்தபோது பலர் வெளிப்படுத்தின விசேஷத்தைப் புரட்டினார்கள். சிலர் அரிசியும் போர்வையும் எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு ஓடினார்கள். மத்தேயு 25இன் கடைசிப் பகுதியில் ராஜா எதைக் கேட்கிறார் என்று பாருங்கள்.

6. வருகையைச் சொல்லிச் சின்னப் பிள்ளைகளைப் பயமுறுத்தாதீர்கள். பள்ளிவிட்டு வந்து வீட்டில் அம்மாவைக் காணவில்லை என்றால், என்னை விட்டுவிட்டு எடுத்துக்கொள்ளப்பட்டாளோ என்று நடுங்கியவன் நான். ஆண்டவர் வரும்போது தொனிக்கும் எக்காளத்தைப் பற்றிப் பவுல் எழுதியது, செத்துப்போனவர்களை நினைத்து அழுதுகொண்டிருந்தவர்களுக்கு. ஒருவரையொருவர் தேற்றச் சொல்லித்தான் அதை முடிக்கிறார். ஈஸ்டர் அன்று விடியுமுன் நாங்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். அம்மாவின் கல்லறை கிழக்கு மதில் ஓரம் இருக்கிறது. அடுத்த ஈஸ்டருக்கு என்னோடு வாருங்கள், ஆளுக்கொரு மெழுகுவர்த்தியோடு.