தில்லிப் பல்கலைக்கழகம்

தில்லி மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் காலை வேளையில் செல்வோர் ஒரு காட்சியைக் காணலாம். 'விஸ்வவித்யாலயா' நிலையம் வந்ததும் இளைஞர் கூட்டம் திரளாக இறங்கும். பல்கலைக்கழகம் என்பதே அந்நிலையப் பெயரின் பொருள். ஆயினும், வெளியே வந்து நிற்கும் புதியவருக்குப் பல்கலைக்கழகம் எது என்று உடனே விளங்காது. ஒரே மதிலும் ஒரே வாயிலும் கொண்ட நிறுவனம் அன்று அது. ஏறத்தாழ 90 கல்லூரிகளாக மாநகரெங்கும் பரந்து கிடக்கிறது. மாணவர் பயில்வது கல்லூரியில். பட்டம் பெறுவது பல்கலைக்கழகத்திடம்.

இதன் தொடக்கமோ மிகச் சிறியது. தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்படும் என 1911 இல் அறிவிக்கப்பட்டபோது, தில்லிக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் இல்லை. இங்கிருந்த கல்லூரிகள் லாகூரிலிருந்த பஞ்சாப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. 1922 இல் தனிச்சட்டம் ஒன்றின் வழியாகத் தில்லிப் பல்கலைக்கழகம் தோன்றியது. சட்ட அறிஞர் ஹரிசிங் கௌர் முதல் துணைவேந்தரானார். தூய ஸ்டீபன் கல்லூரி, இந்துக் கல்லூரி, ராம்ஜஸ் கல்லூரி என மூன்றே கல்லூரிகள். கலை, அறிவியல் என இரண்டே புலங்கள். சுமார் 750 மாணவர்கள். அவ்வளவே.

புதுதில்லியில் புதிய மாளிகை எழுந்ததும் வைசிராய் அங்குக் குடிபெயர்ந்தார். அவருடைய பழைய மாளிகை 1933 இல் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்தது. இன்று துணைவேந்தரின் அலுவலகம் அங்கேதான் உள்ளது. வைசிராயின் விருந்தினர் நடனமாடிய கூடத்தில் இப்போது கருத்தரங்குகள் நடைபெறுகின்றன. அம்மாளிகையின் கீழ்த்தளத்தில் ஒரு சிற்றறை உண்டு. 1929 இல் கைதான பகத்சிங் அங்குச் சிறைவைக்கப்பட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அவ்வறை அவர் நினைவாகப் போற்றப்படுகிறது. மேல்தளத்தில் விருந்து, கீழ்த்தளத்தில் சிறை! அந்தக் காலத்தின் இருமுகங்களையும் ஒரே கட்டடத்தில் காண்பது அரிது.

1947 இல் நாடு பிரிக்கப்பட்டபோது, வீடும் நிலமும் இழந்த பல்லாயிரம் குடும்பங்கள் தில்லிக்கு வந்தன. பிள்ளைகளின் படிப்பு நடுவழியில் நின்றது. அதன் பின்னர்ப் புதிய கல்லூரிகள் விரைந்து எழுந்தன. ஹன்ஸ்ராஜ் கல்லூரி 1948 இல் தொடங்கப்பட்டது. புலம்பெயர்ந்தோர் குடியேறிய கால்காஜியில் 1952 இல் தேசபந்து கல்லூரி தோன்றியது. ஊரை விட்டு வந்தவர்களின் பிள்ளைகளால் வளர்ந்த பல்கலைக்கழகம் என்று இதனைக் கூறினால் அது மிகையாகாது.

பகலில் வேலை செய்வோர் எவ்வாறு பயில்வது? அவர்களுக்காக மாலைக் கல்லூரிகள் வந்தன. கல்லூரிக்கு நாள்தோறும் செல்ல இயலாத பெண்களுக்கு வார இறுதி வகுப்புகள் அமைந்தன. வகுப்புக்கே வர இயலாதோருக்காக 1962 இல் அஞ்சல்வழிக் கல்வி தொடங்கப்பட்டது. பட்டம் பெற்றோருள் கடைகளில் கணக்கு எழுதியவரும் உண்டு. வீட்டு வேலை முடித்து இரவில் படித்த தாய்மாரும் உண்டு. நகரம் தெற்கே விரிந்தபோது, 1973 இல் தென்வளாகமும் உருவாயிற்று.

இதன் வளர்ச்சியில் தமிழ் மண்ணில் பிறந்தோரின் பங்கும் உண்டு. தில்லிப் பொருளியல் பள்ளியை 1949 இல் நிறுவிய வி.கே.ஆர்.வி. ராவ் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். பின்னர் இங்கேயே துணைவேந்தரானவர். வேதியியல் துறையைத் தலைமையேற்று வளர்த்த டி.ஆர். சேஷாத்ரி குளித்தலையில் பிறந்தவர். 'குருதிப்புனல்' நாவலுக்காக 1977 இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற இந்திரா பார்த்தசாரதி, இப்பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தவர். இந்திய மொழிகளுக்கான துறையில் தமிழும் ஒரு பாடம்.

முன்னாளில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே சேர்க்கையை முடிவு செய்தது. 2021 இல் சில கல்லூரிகள், சில பாடங்களுக்கு 100 விழுக்காடு கேட்டன! ஒரு மதிப்பெண் குறைந்தவரும் வெளியே நின்றார். 2022 முதல் பொது நுழைவுத்தேர்வு வழியாக இளநிலைச் சேர்க்கை நடைபெறுகிறது. 13 மொழிகளில் நடத்தப்படும் அத்தேர்வைத் தமிழிலும் எழுதலாம்.

சொற்பொருள்
புலம் – பல துறைகள் அடங்கிய பிரிவு
மிகை – அளவுக்கு மேற்பட்டது
அஞ்சல்வழிக் கல்வி – தபால் மூலம் பாடம் பெற்றுக் கற்றல்

பயிற்சி
1. 1922க்கு முன் தில்லிக் கல்லூரிகள் எதனோடு இணைந்திருந்தன?
2. 'அந்தக் காலத்தின் இருமுகங்கள்' எனப்படுபவை யாவை?
3. உன் குடும்பத்தில் வேலை செய்துகொண்டே படித்தவர் ஒருவரிடம் பேசி, அவர் கூறியதைப் பத்து வரிகளில் எழுதுக.