வாட்ச்டாக் இருந்தால் போதுமா?

2024 மே 29 அன்று வடமேற்கு தில்லியின் முங்கேஷ்பூர் தானியங்கி வானிலை நிலையம் 52.9 டிகிரி செல்சியஸ் காட்டி நாட்டையே பதறவைத்தது. அன்று தில்லியின் முதன்மை நிலையமான சஃப்தர்ஜங்கில் 46.8. வானிலைத் துறை நேரில் சோதித்தபோது, முங்கேஷ்பூர் சென்சார் சுமார் 3 டிகிரி கூட்டிக் காட்டியது தெரிந்தது. நிலையம் எங்கும் சிக்கி நிற்கவில்லை. அளந்தது, அனுப்பியது, அனுப்பிய எண்தான் தவறு.

நம்பிக்கை: வாட்ச்டாக் டைமரை இயக்கிவிட்டால் கருவியை நம்பி விட்டுவிடலாம்.

உண்மை: வாட்ச்டாக் என்பது இறங்கிக்கொண்டே வரும் ஒரு கவுண்டர். அது பூஜ்யத்தைத் தொடுமுன் நிரல் ரீலோட் செய்ய வேண்டும். தவறினால் சிப் ரீசெட் ஆகும். அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. முங்கேஷ்பூர் போன்ற பிழையை எந்த வாட்ச்டாக்கும் பிடிக்காது. அதற்கு சென்சார் சரிபார்ப்பும் பக்கத்து நிலையங்களோடு ஒப்பீடும்தான் வழி.

நம்பிக்கை: டைமர் இன்டரப்ட்டுக்குள் ரீலோட் வரியைப் போட்டுவிட்டால் தவறவே தவறாது.

உண்மை: தவறாது என்பதுதான் ஆபத்து. மொட்டை மாடித் தொட்டிக்கு மோட்டார் போடும் கருவி, மோட்டாரை ஓடவிட்டபடியே மோடத்தின் பதிலுக்காக மெயின் லூப்பில் முடிவில்லாமல் காத்திருக்கிறது என்று வையுங்கள். இன்டரப்ட் வந்துகொண்டேயிருக்கும், ரீலோட் நடந்துகொண்டேயிருக்கும், தொட்டி வழிந்துகொண்டேயிருக்கும். நிரலில் பத்து இடங்களில் ரீலோட்டைத் தூவுவதும் இதே தவறுதான். அவற்றில் ஒன்று அந்தக் காத்திருப்பு லூப்புக்குள்ளேயே விழுந்துவிடும். சென்சார் படிப்பு, மோட்டார் கட்டுப்பாடு, தகவல் தொடர்பு என ஒவ்வொரு வேலையும் தன் சுற்றை ஒழுங்காக முடித்ததும் தனக்குரிய ஃப்ளாக்கை வைக்கட்டும். ஒரே ஓர் இடத்தில் எல்லா ஃப்ளாக்கும் இருக்கின்றனவா என்று பார்த்து, இருந்தால் மட்டும் ரீலோட் செய்து, ஃப்ளாக்குகளை அழித்துவிடுங்கள். ஒன்று குறைந்தாலும் ரீலோட் கூடாது. நான் இதில் விட்டுக்கொடுப்பதே இல்லை.

நம்பிக்கை: நாமே நிரலில் ஒரு டைம்-அவுட் எழுதிக்கொண்டால் ஹார்டுவேர் வாட்ச்டாக் வேண்டாம்.

உண்மை: சிக்கிய நிரலோடு அதற்குள் இருக்கும் காவலும் சிக்கிக்கொள்ளும். நிலவை ஆராய்ந்து முடித்திருந்த அமெரிக்காவின் கிளெமென்டைன் விண்கலத்தில் 1994 மே 7 அன்று கணினி கோளாறானது. த்ரஸ்டரை நிறுத்த நிரலில் இருந்த டைம்-அவுட்டும் அதோடு சேர்ந்து சிக்கிக்கொண்டது. த்ரஸ்டர் எரிந்துகொண்டே இருந்து எரிபொருள் தீர்ந்தது. கலம் நிமிடத்துக்குச் சுமார் 80 சுற்று வேகத்தில் சுழலத் தொடங்கியது. அடுத்த இலக்கான குறுங்கோளுக்கு அது போகவே இல்லை.

வாட்ச்டாக்குக்குக் கணக்குப் போட்டு வைத்த 2 வினாடி அப்படியே 2 வினாடி என்பதும் பலரது நம்பிக்கை. எஸ்டிஎம்32எஃப்103 சிப்பின் தனி வாட்ச்டாக் ஓடுவது உள் ஆர்சி ஆஸிலேட்டரில். அதன் வழக்கமான வேகம் 40 கிலோஹெர்ட்ஸ். தரவேடு தரும் வரம்போ 30 முதல் 60 வரை. உங்கள் 2 வினாடி 1.3 ஆகவும் இருக்கலாம், 2.7 ஆகவும் இருக்கலாம். தில்லியின் மே வெயிலும் ஜனவரிக் குளிரும் ஒரே கருவியைத்தான் சோதிக்கின்றன. இரு முனைகளுக்கும் இடம்விட்டு நேரம் வையுங்கள்.

நம்பிக்கை: ரீசெட் ஆகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

உண்மை: பழைய பூட்லோடர் கொண்ட ஆர்டுயினோ நானோ போர்டுகளில் வாட்ச்டாக் ரீசெட்டுக்குப் பிறகும் அந்த டைமர் மிகக் குறுகிய 15 மில்லி வினாடியில் ஓடிக்கொண்டிருக்கும். பூட்லோடர் அதை நிறுத்தாததால் போர்டு ரீசெட்டிலேயே சுழலும். தில்லியின் லஜ்பத் ராய் மார்க்கெட்டில் மலிவாக போர்டு வாங்குபவர்கள் முதலில் ஆப்டிபூட் என்ற புதிய பூட்லோடரை ஏற்றிக்கொள்வது நல்லது. ரீசெட்டின் காரணத்தைச் சொல்லும் ரெஜிஸ்டரையும் தொடக்கத்திலேயே படித்துச் சேமியுங்கள். பிறகு ஒவ்வொரு வேலைக்குள்ளும் வேண்டுமென்றே ஒரு முடிவில்லா லூப்பை வைத்து, போர்டு மீண்டு வருகிறதா என்று மேசையிலேயே பார்த்துவிடுங்கள்.