மேடு, பள்ளம், சமதளம், துளை: ஒரு சாமைப் பாக்கெட் நடத்திய பாடம்

கல்வராயன் மலையில் விளையும் சாமையும் தினையும் தேனும் கடுக்காயும், நான் பார்த்தவரை, பெரும்பாலும் மூட்டையிலும் டின்னிலும்தான் கீழே இறங்குகின்றன. வெள்ளிமலையில் ஏற்றிய மூட்டை கச்சிராயபாளையம் கடந்து கள்ளக்குறிச்சிக்கு வரும்போது அதில் மலையின் பெயர் இருப்பதில்லை. அதே சாமை பிறகு வேறொருவர் பெயர் அச்சிட்ட வண்ணப் பாக்கெட்டில் கடைக்கு வருகிறது. பெயர் யாருடையதோ, விலையின் பெரும்பங்கும் அவருக்கே போகிறது.

மலையடிவாரத்தில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் கணக்கு ஆசிரியர். என் மாணவர்களின் அம்மாக்கள் பலர் மகளிர் சுய உதவிக் குழுக்களில் இருக்கிறார்கள். ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்த 2023இல், ஒரு குழுவினர் சாமையை அரைக் கிலோ பாக்கெட்டாக விற்க எண்ணினார்கள். “சார், லேபிள் எதுல அடிச்சா நல்லது? ஆளுக்கொரு மாதிரி சொல்றாங்க” என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை ஒன்பதாம் வகுப்புக்கு எடுத்துச் சென்றேன். அறிவியல் ஆசிரியரும் சேர்ந்துகொண்டார். எட்டுப் பாடவேளைகளில் நாங்கள் நடத்தியதை, மற்ற பள்ளிகளிலும் செய்து பார்க்கும் வகையில் இங்கே தருகிறேன்.

முதல் படி: அச்சு என்றால் என்ன?

நம் மாணவர்களுக்கு ‘அச்சு’ புதிய சொல் அல்ல. கரும்பு விளையும் வட்டாரம் இது. அச்சு வெல்லம் தெரியாத பிள்ளை இல்லை. அங்கிருந்தே தொடங்கலாம். உலகில் எத்தனை அச்சு இயந்திரங்கள் இருந்தாலும், மை எங்கே தங்குகிறது என்று கேட்டால் நான்கே விடைகள்தான்.

மேடு: வெண்டைக்காயை நறுக்கி மையில் தொட்டுத் தாளில் வைத்தால் பூ விழும். மேடான இடத்தில் மட்டுமே மை ஒட்டுகிறது. பழைய ரப்பர் செருப்பில் எழுத்தைச் செதுக்கினாலும் இதுவே. ரப்பர் போன்று வளையும் தகட்டில் இப்படி மேடாக உருவம் அமைத்து உருளையில் சுற்றி அச்சிடுவது ஃபிளெக்ஸோ. அட்டைப்பெட்டி, அரிசி ஆலைச் சாக்கு போன்றவற்றில் இதைக் காணலாம்.

பள்ளம்: அச்சு வெல்லப் பலகையில் குழிகளில் பாகை ஊற்றி, மேலே வழிந்ததை வழித்தெடுப்பார்கள். குழியில் உள்ளது மட்டும் வெல்லமாகும். கிராவியர் அச்சும் இதேதான். செம்பு பூசிய எஃகு உருளையில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகள். அவற்றில் மை நிரம்பும். மேற்பரப்பை ஒரு மெல்லிய கத்தி வழித்துவிடும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி உருளை வேண்டும். பெரிய நிறுவனங்களின் பிஸ்கட், சிப்ஸ் உறைகள் நம் நாட்டில் பெரும்பாலும் இப்படித்தான் அச்சாகின்றன.

சமதளம்: மெழுகுவத்தியால் தாளில் எழுதி, மேலே நீர்வண்ணம் பூசினால் எழுதிய இடத்தில் வண்ணம் பிடிக்காது. நீரும் கொழுப்பும் சேர்வதில்லை. இந்த ஒரே உண்மையைக் கொண்டு 1796 வாக்கில் பவேரியாவில் அலோய்ஸ் செனஃபெல்டர் சுண்ணாம்புக் கல்லில் அச்சிட்டார். தம் நாடகங்களை மலிவாக அச்சிட வழி தேடியவர் அவர். இன்றைய ஆஃப்செட் அந்தக் கல்லச்சின் வாரிசு. அலுமினியத் தகட்டில் உருவம் உள்ள இடம் எண்ணெய் மையை ஏற்கும். மற்ற இடம் நீரை ஏற்று மையைத் தள்ளும்.

துளை: கோலக் குழலை உருட்டினால் துளை வழியே மாவு விழுந்து கோலமாகும். மெல்லிய வலைத்துணியில் வேண்டாத இடத்தை அடைத்துவிட்டு, மீதித் துளைகள் வழியே மையைத் தள்ளுவது ஸ்கிரீன் பிரிண்டிங். துணிப்பை, கண்ணாடிப் புட்டி, மரம் என எதன்மீதும் கையாலேயே செய்யலாம்.

ஐந்தாவதாக, அச்சே இல்லாத அச்சு ஒன்று உண்டு. கணினியிலிருந்து நேரே மை தெளிப்பதோ பொடியை ஒட்டவைப்பதோ டிஜிட்டல். தெருவில் நாம் பார்க்கும் ஃபிளெக்ஸ் பேனர் இந்த வகை. ஃபிளெக்ஸும் ஃபிளெக்ஸோவும் ஒன்று என்று மாணவர்கள் நினைக்கக்கூடும்; வேறுபாட்டைச் சொல்லிவிடுவது நல்லது.

செருப்பு ரப்பரில் ‘சாமை’ என்று நேராகச் செதுக்கிய மாணவர்களுக்குத் தாளில் எழுத்து தலைகீழ் பக்கமாக விழுந்தது. கண்ணாடிப் பிம்பம் பற்றிய பாடம் அங்கேயே முடிந்தது. ஆஃப்செட் தகட்டில் மட்டும் எழுத்து நேராகவே இருக்கும். தகட்டிலிருந்து ரப்பர் விரிப்புக்கும், அங்கிருந்து தாளுக்கும் என உருவம் இருமுறை திரும்புவதே காரணம். இதை முதலில் சொல்லாமல் ‘ஏன்’ என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

இரண்டாம் படி: குப்பையைப் படித்தல்

ஆளுக்கு ஐந்து காலி உறைகளைக் கழுவித் துடைத்துக் கொண்டுவரச் சொன்னேன். ஒரு கைவில்லை போதும். வண்ணப்படம் நான்கு நிறப் புள்ளிகளாகப் பிரிந்து தெரியும். எழுத்தின் ஓரம் ரம்பப் பல்போல் இருந்தால் கிராவியர். ஓரத்தில் மை பிதுங்கி அடர்ந்த கோடாகத் தெரிந்தால் ஃபிளெக்ஸோ. விரலால் தடவும்போது மை தடிப்பாக இருந்தால் ஸ்கிரீன். உறையின் மடிப்பில் வரிசையாக உள்ள சிறு வண்ணக் கட்டங்களை எண்ணினால், எத்தனை நிறங்களில் அச்சிட்டார்கள் என்று தெரியும்.

தயாரித்த தேதி மட்டும் பெரும்பாலும் வேறு மாதிரிப் புள்ளி எழுத்தில் இருப்பதை ஒரு மாணவி கவனித்தாள். மாறாத செய்தி முதலிலேயே அச்சாகிறது; மாறும் செய்தி நிரப்பும்போது சேர்கிறது. பின்னால் எங்கள் முடிவுக்கு அடிப்படையாக அமைந்தது இந்தக் கவனிப்பே.

மூன்றாம் படி: இரண்டு மாறிகளில் ஒரு வாழ்க்கைக் கணக்கு

கணக்குக்காக நாங்களே எடுத்துக்கொண்ட எண்கள் இவை. உங்கள் ஊர் அச்சகத்தில் விலை கேட்டு இவற்றை மாற்றிக்கொள்ளுங்கள். xஐ லேபிள்களின் எண்ணிக்கை, yஐ மொத்தச் செலவு என்று கொள்வோம்.

டிஜிட்டல்: y = 5x
ஆஃப்செட்: y = 4000 + x
கிராவியர்: y = 60,000 + 0.5x

மாறாத எண், தகடு அல்லது உருளை செய்யும் செலவு. xஉடன் பெருகும் எண், ஒரு லேபிளுக்கான செலவு. வரைபடத்தாளில் வரைந்தால் முதல் இரண்டு கோடுகள் x = 1000இல் வெட்டிக்கொள்கின்றன. இரண்டாவதும் மூன்றாவதும் x = 1,12,000இல்தான் சந்திக்கின்றன; அதை வரையத் தாள் போதாது, சமன்பாட்டால்தான் காண முடியும். சமன்பாடு எதற்கு என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விடை எனக்குக் கிடைத்ததில்லை.

“ஒண்ணு அம்பது பைசாதானே சார், கிராவியர்தானே லாபம்?” என்றான் ஒருவன். மாதம் 300 பாக்கெட் விற்றால் 1,12,000 பாக்கெட் விற்க எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டேன். வகுத்துப் பார்த்துவிட்டு, “31 வருஷம் சார்!” என்றான். வகுப்பே சிரித்தது.

அடுத்த கேள்வி இன்னும் முக்கியம். 2000 லேபிள்களை ஆஃப்செட்டில் அடித்தால் 6000 ரூபாய். ஒன்று 3 ரூபாய். டிஜிட்டலில் 10,000 ரூபாய். ஆஃப்செட்தான் மலிவு. ஆனால் 800 லேபிள்கள் முடிந்த நிலையில் முகவரியோ விலையோ மாறினால்? மீதி 1200ம் குப்பை. பயன்பட்ட லேபிளுக்கான விலை 6000 ÷ 800 = 7 ரூபாய் 50 காசு. தேவைப்படும்போது 800 மட்டும் டிஜிட்டலில் அடித்திருந்தால் ஒன்று 5 ரூபாய்தான். அச்சிட்ட எண்ணிக்கையால் வகுப்பதா, பயன்பட்ட எண்ணிக்கையால் வகுப்பதா? பாடநூலில் இல்லாத இந்த வேறுபாட்டை மாணவர்கள் மறக்கவே மாட்டார்கள்.

நான்காம் படி: சட்டம் என்ன கேட்கிறது?

உணவுப் பாக்கெட்டில் பொருளின் பெயர், நிகர எடை, தயாரிப்பாளர் முகவரி, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம் என்ற தேதி, தொகுதி எண், அதிகபட்ச சில்லறை விலை, உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 14 இலக்க எண், சைவ உணவைக் குறிக்கும் பச்சைக் கட்டத்துக்குள் பச்சை வட்டம் ஆகியவை வேண்டும். இவற்றில் எவை மாறாதவை, எவை மாறுபவை என்று இரு பத்திகளில் எழுதச் சொல்லுங்கள்.

2018ஆம் ஆண்டின் உணவு உறை விதிமுறைகள்படி, அச்சிட்ட பக்கம் உணவை நேரடியாகத் தொடக்கூடாது. செய்தித்தாளில் உணவைப் பொதியவும் கூடாது. எண்ணெய் மையை எண்ணெய்ப் பண்டம் கரைக்கும் என்பதைச் சமதள அச்சுப் பாடத்தில் பார்த்த மாணவர்களுக்கு, பஜ்ஜியைச் செய்தித்தாளில் பிழியக்கூடாது என்பதைத் தனியாக விளக்க வேண்டியிருக்காது.

மாணவர்கள் எடுத்த முடிவு

குழுக்களாகப் பிரிந்து விவாதித்து, ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதினார்கள்: எத்தனை வேண்டும்? எதன்மீது அச்சு? எத்தனை நிறம்? எது அடிக்கடி மாறும்? மை உணவைத் தொடுமா?

சாமைக்கு அவர்கள் சொன்னது இது: சாமையை உணவுக்கு ஏற்ற உள்ளுறையில் அடைத்து, ஒரே நிறத்தில் ஸ்கிரீன் அச்சிட்ட வெளிப்பையில் வைப்பது. பையில் மலையின் பெயரும் பொருளின் பெயரும் மட்டும்; அவை மாறாது. மற்ற விவரங்களுக்கு டிஜிட்டலில் நூறு நூறாக அடித்த சிறு லேபிள். தேதிக்கும் தொகுதி எண்ணுக்கும் ரப்பர் முத்திரை. மாதம் ஆயிரத்தைத் தாண்டும்போது ஆஃப்செட் பற்றி மீண்டும் யோசிப்பது.

தேனுக்கு விடை வேறு: ஈரத்திலும் பிசுக்கிலும் தாங்கும் லேபிள். 2021இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு இன்னொன்று: கனம் தாங்கும் நெளி அட்டைப்பெட்டி, அதன்மேல் ஃபிளெக்ஸோ. எது சிறந்த அச்சு என்ற கேள்விக்கே விடை இல்லை, எதற்கு எது ஏற்றது என்றுதான் கேட்க வேண்டும் என்று மாணவர்களே எழுதியிருந்தார்கள்.

சிவகாசியை இங்கே நினைவூட்டலாம். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் தேவைப்பட்டதால் அச்சுத் தொழில் அங்கே வேர்விட்டு வளர்ந்தது. பொருளின் அளவு பெருகப் பெருக அச்சும் பெருகியது. பெரிய இயந்திரத்தில் தொடங்கி வாங்குபவரைத் தேடுவது அதற்கு நேர்மாறான வழி.

மற்ற வகுப்புகளுக்கு

எண்ணும் எழுத்தும் வகுப்புகளில் காலி உறைகளில் எடை, விலை, தேதி ஆகியவற்றைத் தேடிப் படிக்க வைக்கலாம். வெண்டைக்காய் அச்சும் அங்கே பொருந்தும். ஆறு முதல் எட்டு வரை, வானவில் மன்றச் செயல்பாடாக மெழுகும் நீரும் சோதனையைச் செய்யலாம். பத்தாம் வகுப்பில் மூன்று கோடுகளையும் சேர்த்து, எந்த எண்ணிக்கைக்கு எது மலிவு என்று இடைவெளிகளாக எழுதச் சொல்லலாம். மலை இல்லாத ஊரிலும் முறுக்கோ அப்பளமோ பாயோ உண்டு. அதன் பாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

மாணவர்கள் தயாரித்த ஒரு பக்க அறிக்கையை அம்மாக்களின் குழுவிடம் கொடுத்தோம். அச்சகத்துக்குப் போன அம்மாக்கள், “தகட்டுக் கூலி தனியா, சேர்த்தா? குறைஞ்சது எத்தனை அடிக்கணும்?” என்று கேட்டுவிட்டுத்தான் விலை பேசினார்களாம். முதல் தவணையாக அவர்கள் வாங்கியது 200 லேபிள்கள்.